ஒரு சாண் தளவாய்

செம்மேட்டுச் சீமையை ஆண்ட முத்துவிசய பூபதிக்கு ஒருநாள் ஒரு யோசனை தோன்றியது. பக்கத்து நாட்டு ராஜாவைப் பயமுறுத்த வேண்டும். ஆனால் சண்டை போடக் கூடாது. சண்டை என்றால் மத்தியானத் தூக்கம் கெட்டுவிடும். ஆகவே தம் படைத்தலைவரைப் போலவே ஒரு மரப்பொம்மை செய்து அன்பளிப்பாக அனுப்புவது என்று முடிவு செய்தார். அதைப் பார்த்தே அவன் நடுங்கிவிடுவானாம்.

அரண்மனைத் தச்சர் தேக்கில் ஒரு சாண் உயரத்துக்குப் பொம்மை செதுக்கி, வர்ணம் பூசிச் சபைக்குக் கொண்டுவந்தார். படைத்தலைவர் தளவாய் ரணகேசரி அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதுவா நான்? மீசை வெறும் மைக்கோடு. வாள் உறையோடு ஒட்டிக்கிடக்கிறது. இது வெறும் மரக்கட்டை, மகாராஜா."

பக்கத்து ஆசனத்தில் அம்பலத்தாடி இருந்தார். ராஜாவுக்கு ஆலோசனை சொல்வது அவர் உத்தியோகம். வாயை அடக்குவது அவருக்கு வராத வித்தை.

"நானும் ரொம்ப நேரமாகப் பார்க்கிறேன்" என்றார். "எனக்கு வித்தியாசம் தெரியவில்லை."

சபை சிரித்தது. தளவாய் சிரிக்கவில்லை.

"வித்தியாசம் தெரியாதவரே அதைச் சரிசெய்யட்டும், மகாராஜா. பத்து நாள் தருவோம். என் உடம்பில் இருப்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவர் சீமையை விட்டுப் போய்விட வேண்டும்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அம்பலத்தாடி வீட்டுக்குப் போய் மனைவி கோமளத்திடம் நடந்ததைச் சொன்னார். அவள் நிதானமாகக் கேட்டாள். "எந்தச் சீமைக்குப் போகிறோம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூரம் என்றால் ஊறுகாய்ப் பானையை வேறு மாதிரிக் கட்ட வேண்டும்."

அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே வேலையில் இறங்கினார். அணில் வாலின் மயிரில் மீசை. கோணி ஊசியைத் தட்டி வாள். கொட்டாங்கச்சியில் கேடயம். மீன் செதிலைக் கோத்துக் கவசம். தளவாயின் காதோரம் ஒரு மரு உண்டு. அதற்கு ஒரு கடுகை ஒட்டிப் பார்த்தார். பெரிதாகத் தெரிந்தது. அரைக் கடுகு கச்சிதமாகப் பொருந்தியது.

எண்சாண் உடம்பை ஒரு சாணுக்குள் அடக்க வேண்டுமே. அளவு நூலோடு தளவாய் போகுமிடமெல்லாம் பின்னால் போனார். தளவாய் சாப்பிட்டால் எதிரே நின்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கிணற்றடியில் நின்றார். தளவாய் லேசுப்பட்டவரா? ஒருநாள் மீசையை நறுக்கிக்கொண்டார். பொம்மையின் மீசையும் நறுக்கப்பட்டது. மறுநாள் இடுப்பில் இரண்டு தாயத்துக் கட்டிக்கொண்டார். பொம்மைக்கும் இரண்டு ஏறியது.

பத்தாம் நாள் சபை கூடியது. தளவாய் கட்டைவிரலில் புதிதாக ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அம்பலத்தாடி தம் மேல்துண்டிலிருந்து ஓர் இழையை உருவிப் பொம்மையின் விரலில் சுற்றிவிட்டு அதை ராஜாவின் கையில் கொடுத்தார்.

தளவாய் பொம்மையின் வாளைப் பிடித்து இழுத்தார். உறையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடுவையைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. வாயைத் திறந்து பார்த்தார். வெற்றிலைக் கறைகூட இருந்தது. வேறு வழி தெரியாமல் பலமாக ஒரு தும்மல் போட்டார்.

"பொம்மை தும்மவில்லை, மகாராஜா."

"உடம்பில் இருப்பதைத்தான் கேட்டீர்" என்றார் ராஜா. "உடம்பை விட்டுப் போவது கணக்கில் சேராது."

தளவாய்க்கு வேர்த்துவிட்டது. சட்டென்று நெஞ்சை நிமிர்த்தினார். "ஒன்று இருக்கிறது. காட்டாற்றுச் சண்டையில் எதிரி எறிந்த வேல் என் நெஞ்சுக்கு நேராக வந்தது. நான் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டேன். அந்தத் தழும்பு எங்கே?"

அம்பலத்தாடி அன்றுதான் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டார். "அதை விட்டுவிடலாம், தளவாயாரே."

"செய்யவில்லை, பார்த்தீர்களா மகாராஜா?"

"தழும்பு இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார் ராஜா.

"இருக்கிறது, மகாராஜா. நெஞ்சில் இல்லை. பொம்மையைத் திருப்பி, இடுப்புத் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். போன சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் பார்த்தேன். தளவாயார் கண்ணில் எண்ணெய் இருந்ததால் அவர் என்னைக் கவனிக்கவில்லை. துணியால் மூடியே இருக்கட்டும் என்று நினைத்தேன்."

ராஜா திருப்பினார். துணியைத் தூக்கினார். இடுப்புக்குக் கீழே, இடதுபக்க மேட்டில், சிவப்பு நூலால் தைத்தாற்போல் ஒரு தழும்பு.

"அசலில் நான்கு விரற்கடை. இதில் அரை விரற்கடை" என்றார் அம்பலத்தாடி. "அளவு பிசகவில்லை."

ராஜா தளவாயின் பக்கம் திரும்பினார். "அங்கியைக் கழற்றும். நெஞ்சைப் பார்ப்போம்."

தளவாய் அங்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், மகாராஜா. பொம்மையில் குறை ஒன்றும் இல்லை."

"அது இருக்கட்டும். நெஞ்சுக்கு நேராக வந்த வேல் எப்படி ஓய் அங்கே போய்த் தைத்தது?"

அம்பலத்தாடி பணிவாகச் சொன்னார்: "வேல் நேராகத்தான் வந்தது, மகாராஜா. தளவாயார்தான் திரும்பிவிட்டார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். பொம்மை மட்டும் பக்கத்து நாட்டுக்குப் போகவில்லை. அங்கேயும் எவனாவது திருப்பிப் பார்த்துவிடுவான் என்று ராஜா நிறுத்திவிட்டார்.