இருபத்து நான்காவது முடிச்சு

இருபத்து மூன்று காப்புரிமை வைத்திருக்கும் வான்மதியிடம், ஒன்றுகூட இல்லாத பேராசிரியர் தெய்வசிகாமணி கேட்டார்.

"எப்படி அம்மிணி? உனக்கு மட்டும் எங்கிருந்து வருது இதெல்லாம்?"

கேட்டவருக்கு வயது அறுபது. பதில் சொல்ல வேண்டியவளுக்கு முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் அவர் வாத்தியார், இவள் மாணவி. மெஷின் டிசைன் பாடத்தில் இவளுக்கு அரியர் போட்டவரே அவர்தான். இப்போது கோவை கணபதியில் இருக்கும் இவள் பட்டறைக்குத் தினமும் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு சிஷ்யனாக வந்துவிடுகிறார். நான் அங்கே லேத் ஓட்டுகிறவன். இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கக் கொடுத்துவைத்தவன்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வான்மதி செய்த பொருள்களில் ஒன்றுக்கொன்று ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கிரைண்டர் கல்லைத் தூக்காமலே கவிழ்க்கும் ஒரு கை. மாடிப்படி ஏறும் சிலிண்டர் வண்டி. குலுங்காத ஸ்ட்ரெச்சர். தறிக்கு ஒன்று, கோழிப் பண்ணைக்கு மூன்று. கைக்குழந்தை துப்ப முடியாதபடி மருந்து ஊட்டும் ஒரு ஸ்பூன்கூட உண்டு.

பேராசிரியரிடம் இருந்தது ஒரே மெஷின். சின்ன வெங்காயம் உரிப்பது. ஆறு வருஷ உழைப்பு. அதற்கு விண்ணப்பித்து, 'இதில் புதுமை எதுவும் இல்லை' என்று காப்புரிமை அலுவலகத்திலிருந்து பதிலும் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"பழைய இரும்புக் கடைக்காரன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார். "விஜயதசமி அன்னிக்கு வந்து எடுத்துக்குவான். அதுக்குள்ள உன்கிட்ட ஒரு வழி இருந்தாச் சொல்லு. இல்லாட்டி இத்தோட விட்டர்றேன்."

அதைச் சொல்லும்போது பையில் இருந்த கடிதத்தைத் தடவிக்கொண்டார். எனக்கே கஷ்டமாகப் போயிற்று.

வான்மதி கேட்டாள், "உங்க மெஷினுக்கு என்னங்க சார் குறை?"

"கடைசி வெங்காயம் உரியறதுக்குள்ள முதல் வெங்காயம் சட்னி ஆயிடுது."

"சரி. பீளமேட்டுல ஒரு லேடீஸ் ஹாஸ்டல் மெஸ் இருக்குது. பதினஞ்சு நாள் அங்க ஓடட்டும். சோதனைக்குத்தான்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டேன். ஆனா ஒண்ணு, நீங்க அந்தப் பக்கமே போகக்கூடாது."

"நான் கேட்டதுக்கு இதுதான் பதிலா?"

"பதில் மெஸ்ல இருந்து வருமுங்க சார்."

பதினைந்து நாள் பேராசிரியர் பட்ட பாடு இருக்கிறதே! பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன்கூட அப்படித் தவித்திருக்க மாட்டான்.

ஆயுத பூஜை அன்று காலை, குட்டியானை லோடு வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மெஷின் அவரைவிடப் பளபளப்பாக இருந்தது. பூசணிக்காய் மட்டும்தான் பாக்கி.

"நேத்து சாயங்காலமே போய் எடுத்துட்டேன்" என்றார். "பூஜைக்குத் துடைக்க வேண்டாமா? அம்மிணி, அதை என்ன கோலத்துல வெச்சிருந்தாங்க தெரியுமா? அடியில ஈரச் சாக்கு. என் மூடிக் கொக்கியக் கழட்டி எறிஞ்சுட்டு, பழைய சைக்கிள் ட்யூப்ப வெச்சுக் கட்டியிருக்குது அந்தச் சமையற்காரம்மா! அந்தக் கொக்கிக்கு மட்டும் ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு! கொக்கியத் தேடி எடுத்து மறுபடி மாட்டிட்டு, நல்லாக் கேட்டுட்டு வந்தேன்."

வான்மதி கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"அந்த ட்யூப் எங்கீங்க சார்?"

"குப்பையில போட்டுட்டேன்."

"எந்தக் குப்பையில?"

"மெஸ்ஸுக்குப் பின்னாடி. ஏன்?"

"குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

அவ்வளவுதான். பொரியும் சுண்டலும் போட்டது போட்டபடி கிடக்க, மூன்று பேரும் அதே குட்டியானையில் ஏறினோம். மெஷினும் இறங்காமலே திரும்பியது.

"வேற ட்யூப் நம்ம பட்டறையிலயே கிடக்குமே!" என்றார் பேராசிரியர்.

"அது வேற ட்யூப்புங்க சார். இதுல எங்க இழுத்தாங்க, எத்தனை சுத்துன்னு தழும்பு இருக்கும்."

மெஸ்ஸுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி அப்படியே இருந்தது. நல்லவேளை. வான்மதி சேலையைச் செருகிக்கொண்டு கையை விட்டாள். பேராசிரியர் ஒரு நிமிஷம் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். பூஜை நாளும் அதுவுமாக, முனைவர் பட்டம் வாங்கினவர் முழங்கை வரைக்கும் வெங்காயத் தோலில்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கவும் இல்லை.

மெஸ் சமையற்காரம்மா மயிலாத்தாள் கொல்லை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். லீவுக்கு ஊருக்குப் போகாத பத்துப் பிள்ளைகளுக்குக் காலைச் சமையல் முடித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

"என்னத்தங்க தேடறீங்க?"

"ட்யூப்புங்க அக்கா" என்றாள் வான்மதி.

"அடடே! அத நேத்தே எடுத்துட்டனே. நல்ல ட்யூப்பு, அதையப் போயி யாராச்சும் குப்பையில போடுவாங்களா?"

அந்த ட்யூப், பாத்திரம் கழுவும் குழாயில் ஒழுகாமல் இருக்கச் சுற்றப்பட்டிருந்தது.

"மறுபடியும் மெஷின்ல கட்டிக் காட்டுங்க அக்கா."

"நான் மாட்டேனுங்க" என்றார் மயிலாத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அந்த சார் நேத்து கண்டபடி பேசிட்டாரு. படிக்காதவ கைய வெச்சாக் கெட்டுப் போயிருமாம்."

எல்லாரும் பேராசிரியரைப் பார்த்தோம். அவர் தன் கையில் ஒட்டியிருந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்தார். நிறைய இருந்தது, அதனால் நேரம் ஆயிற்று.

"தப்புதானுங்க அம்மா" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியல. தயவு பண்ணிக் கட்டிக் காட்டுங்க."

மயிலாத்தாளுக்கு அதற்கு மேல் பிடிவாதம் பிடிக்கத் தெரியவில்லை. மெஷினை இறக்கினோம். கொக்கியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டிரம் மூடியை ட்யூப்பால் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. ஒரு படி வெங்காயத்தைக் கொட்டி ஸ்விட்சைப் போட்டார்.

டிரம் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் வெங்காயம் மூடியில் வந்து மோத, ட்யூப் ஒரு விரல் அளவு விலகிக் கொடுத்து மறுபடி மூடிக்கொண்டது. தோல் உரிந்து வழவழப்பானது மட்டும் அந்த இடுக்கில் நழுவி, ஒன்றிரண்டாகப் பாத்திரத்தில் விழுந்தது. வெள்ளை வெளேரென்று, அடியே படாமல். உரியாதது உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்படிங்க அம்மா இப்படித் தோணுச்சு?"

"இதுல தோணறதுக்கு என்னங்க இருக்குது? உரிஞ்சது வெளிய போகட்டும். உரிஞ்ச பின்னாடியும் உள்ளயே கெடந்து எதுக்கு அடி வாங்கோணும்?"

பேராசிரியரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வெங்காயம்" என்றார் என்னிடம்.

நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

அங்கிருந்தே இரும்புக் கடைக்காரனுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னார். மயிலாத்தாளும் பூஜைக்கு எங்களோடு வண்டியில் வந்தார். இந்த முறை யாரும் மெஷினைத் துடைக்கவில்லை.

பட்டறையில் வான்மதி மூடியை அளந்தாள், இடுக்கை அளந்தாள், படம் வரைந்துகொண்டாள். பிறகு பிளேடை எடுத்துக்கொண்டு ட்யூப் பக்கம் போனாள்.

"ஐயோ, கழட்டாதே!" என்று பேராசிரியர் கத்தினார்.

"அவுக்கலீங்க சார். முடிச்சு அப்படியே இருக்கும்."

முடிச்சுக்கு அந்தப் பக்கமாக அறுத்து, அதை முழுசாக எடுத்தாள். பூஜைப் பலகையில் ஸ்பேனருக்கும் வெர்னியருக்கும் நடுவில் எப்போதும் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதைத் திறந்து பேராசிரியரிடம் நீட்டினாள்.

உள்ளே கந்தல் துணி, சணல், புடவைக் கரை, ரப்பர் பட்டை, எண்ணெய் குடித்த கயிறு. இருபத்து மூன்று. எல்லாம் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கிரைண்டர். தேவானை, மாவுக்கடை... ஸ்ட்ரெச்சர். பீட்டர் ராயப்பன், வார்டு பாய்... சிலிண்டர் வண்டி. அப்துல் ஹக்கீம்... தறி. ஜக்கம்மா..."

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் படித்தார். பிறகு, தானாகவே ஒரு புதுச் சீட்டை எடுத்து, 'வெங்காயம். மயிலாத்தாள், மெஸ்' என்று எழுதினார். வாத்தியார் கையெழுத்து, அச்சுப் போல இருந்தது. மயிலாத்தாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

வான்மதி இருபத்து நான்கு முடிச்சுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். பேராசிரியர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துலயும் வேற வேற பேரா இருக்குதே. இதுல உன்னுது எது அம்மிணி?"

வான்மதி அடுத்த முடிச்சுக்குக் குங்குமம் வைத்தாள்.

"அவுக்காம விட்டது மட்டுந்தானுங்க சார் என்னுது."