ஏழாவது வீட்டு ஜன்னல்

"டீச்சர், எனக்கு எப்ப குடை குடுப்பீங்க?"

குற்றாலிங்கம் கேட்டேவிட்டார். இரண்டு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்வி.

எஸ்தர் டீச்சர் மணிக்கூண்டுப் படியில் உட்கார்ந்து செருப்பில் ஏறியிருந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு நடை கிளம்பும். மணிக்கூண்டில் தொடங்கி, பழைய தெருக்களில் ஒன்பது வீடுகளைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் முடியும். யார் வேண்டுமானாலும் வரலாம். முன்னால் போகிறவர் ஒரு கறுப்புக் குடையை உயர்த்திப் பிடித்திருப்பார், பின்னால் வருகிறவர்கள் வழிதவறிவிடக் கூடாது என்று. குடை யார் கையில் இருக்கிறதோ, நடை அவருடையது.

இதுவரை அது டீச்சர் கையில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர், வயது நாற்பது. விடுமுறை நாட்களில் பழைய வீடுகளை அளந்து வரைந்துகொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடவே நடந்தார்கள். நடந்தவர்களில் ஆறு பேர் சீடர்களாக ஒட்டிக்கொண்டார்கள். சீடருக்கு ஒரு வீடு. அந்த வீட்டின் முன்னால் அவர்தான் பேச வேண்டும்.

குற்றாலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் மைக்கில் அறிவிப்புச் சொன்னவர். எந்த ரயில் எந்த மேடைக்கு வரும் என்று அவர் சொன்னதற்கு ஒருநாளும் ஒருவரும் கைதட்டியதில்லை.

அவருக்குக் கிடைத்தது ஏழாவது வீடு. அங்கே கைதட்டினார்கள்.

"போன ஞாயிறு நீங்க காய்ச்சல்னு வரல, குடை இல்லாமயே நடந்தோம்," என்றார். "வந்திருந்தா பாத்திருப்பீங்க. 'இப்போது பாருங்கள்'னு நான் சொல்லி வாய மூடல, ஜன்னல் படார்னு மூடிக்கிச்சு. அவ்வளவு கரெக்டா என்னிக்கும் மூடினதில்ல. ஜனங்க ரெண்டு தடவ கைதட்டினாங்க டீச்சர்."

டீச்சர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

"யாரு சாத்தினது அண்ணாச்சி?"

"என்னது?"

"ஜன்னல."

"உள்ள இருக்கவங்க யாராச்சும் சாத்தியிருப்பாங்க."

"யாரு?"

"தெரியல டீச்சர். நாம வெளியிலதான நிக்கோம்."

டீச்சர் குடையை விரித்துக் காட்டினார். ஒரு கம்பியின் ஓரத்தில் துணி விட்டுப்போய்த் தொங்கியது.

"ஏழாவது வீட்டுல தையல் போடுதாங்க. வர்ற ஞாயிறு நீங்க நடைக்கு வர வேண்டாம். எட்டு மணிக்கு இந்தக் குடைய எடுத்துட்டு அந்த வீட்டுக்குள்ள போங்க. தைச்சு முடிக்கிற வரைக்கும் உக்காந்திருங்க. ஜன்னல யாரு சாத்துதாங்கன்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க. அன்னிக்கே குடை உங்களுக்கு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார். குற்றாலிங்கம் அதைக் கவனிக்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது ஏற்கெனவே தன்னுடையது போல வீட்டுக்குப் போனார்.

*

ஏழாவது வீட்டின் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடந்ததும் சொன்னதும் வேறு வேறு.

அந்த வீட்டுக்குத் தெருவைப் பார்த்து மூன்று ஜன்னல்கள். இடதுபக்கத்தது மழையில் உப்பிப்போய் ஆணியடித்தாயிற்று. வலதுபக்கத்தது திறக்கும், மூடும். நடுவில் இருப்பது சுவர்தான். கட்டிய கொத்தனார் அதன்மேல் சுண்ணாம்பிலேயே சட்டம், கம்பி, வளைவு எல்லாம் வைத்து ஜன்னல் மாதிரி செய்திருந்தார். உள்ளே அந்த இடத்தில் மாடிப்படி ஏறுகிறது, ஜன்னல் வைக்க வழியில்லை. முகப்பு மொட்டையாகத் தெரியக் கூடாது என்று செய்த வேலை அது. டீச்சர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவே.

முதல் மூன்று வாரம் குற்றாலிங்கமும் இதைத்தான் சொன்னார். ஜனங்கள் செல்போனைப் பார்த்தார்கள்.

நாலாவது வாரம் அவர் வாயில் ஒரு மருமகள் பிறந்தாள்.

தேரோட்டத்தன்று அவள் அந்த ஜன்னல் வழியாக யாரையோ பார்த்துச் சிரித்தாளாம். மாமனார் ஜன்னலோடு சேர்த்து அவளையும் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டாராம். குற்றாலிங்கம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கூட்டம் நிற்பதைப் பார்த்து யாரோ உள்ளேயிருந்து வலதுபக்க ஜன்னலைச் சாத்தினார்கள். அவர் சும்மா விடுவாரா?

"பார்த்தீர்களா? வேற்றாள் நின்றால் அவளுக்குப் பிடிக்காது. நாம் போகும்வரை திறக்க மாட்டாள்."

அதுதான் அவர் வாழ்க்கையில் கேட்ட முதல் கைதட்டல்.

அடுத்த வாரமும் ஜன்னல் மூடியது. அதற்கடுத்த வாரமும். வீடியோ எடுத்தவர்கள் நாலு பேருக்கு அனுப்பினார்கள், அந்த நாலு பேர் நானூறு பேருக்கு அனுப்பினார்கள்.

"இது எங்க இருந்து வந்தது அண்ணாச்சி?" என்று டீச்சர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"சும்மா, ஒரு சுவாரசியத்துக்கு டீச்சர்."

இருபது பேர் வந்த நடைக்கு அறுபது பேர் வரத் தொடங்கியிருந்தார்கள். டீச்சரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

*

ஞாயிறு எட்டு மணிக்குக் குற்றாலிங்கம் அந்தக் கதவைத் தட்டினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

"யாரு?"

"குடை தைக்கணும்."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. பிறகு கதவு திறந்தது.

கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் நின்றார். பெயர் சங்கரவடிவு, ஐம்பது வயது இருக்கும். குற்றாலிங்கத்தை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "வாங்க," என்று மட்டும் சொன்னார்.

சின்ன அறை. வலதுபக்க ஜன்னலை ஒட்டி மெஷின் கிடந்தது. அந்த ஜன்னல் ஒன்றில்தான் வெளிச்சம் வந்தது. குற்றாலிங்கத்தின் கண் தானாக நடுச்சுவருக்குப் போனது. அங்கே மாடிப்படி இருந்தது. படிப்படியாகப் பள்ளிக்கூடச் சட்டைகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். தான் மருமகளை நிற்கவைத்த இடத்தில் ஆறாம் வகுப்புச் சட்டைகள் இருப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அந்த ஸ்டூல்ல இருங்க."

சங்கரவடிவு ஜன்னலோரம் உட்கார்ந்து, குடையை மடியில் விரித்து, ஊசியில் கறுப்பு நூலைக் கோத்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும்," என்றார் குற்றாலிங்கம். "ஞாயித்துக்கிழமை இந்த ஜன்னல் மூடுதுல்லா, அத யாரு சாத்துதா?"

"இருங்க. இப்ப தெரிஞ்சிரும்."

வந்த வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். சும்மா இருக்க முடியாமல் பேச்சுக் கொடுத்தார்.

"பள்ளிக்கூடத் துணிதான் தைப்பீங்களோ?"

"இப்ப அதான். முன்ன கல்யாண ரவிக்க தைப்பேன். கல்லு வச்சு, பூ வேல செஞ்சு. தை மாசம் வந்தா உக்காந்து சாப்பிட நேரம் இருக்காது."

"பிறகென்ன?"

"யாரும் குடுக்க மாட்டேங்காங்க. மருமகளச் சுவத்துக்குள்ள வச்சுப் பூசுன வீடாம். இங்க தைச்சதக் கல்யாணப் பொண்ணு போடக் கூடாதாம்."

குற்றாலிங்கம் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"போன ஆவணியில ஒரு பொண்ணு அளவு குடுத்துட்டுப் போனா. மறுநாள் அவ அம்மா வந்து துணியத் திருப்பிக் கேட்டா. நான் வெட்டி வச்சிருந்தேன். வெட்டினது வெட்டினபடியே வாங்கிட்டுப் போயிட்டா."

"நீங்க... வெளிய வந்து சொல்ல வேண்டியதுதான? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு."

"வந்தேனே. ஒரு வாரம் வாசல்ல வந்து நின்னேன். பேய் வந்துட்டுன்னு படம் எடுத்தாங்க."

ஊசி துணிக்குள் போய் வெளியே வந்தது.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. அப்படி ஒருத்தி இருந்திருப்பாளா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். முப்பது வருஷம் மைக்கில் பேசிய தொண்டைக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் அடுத்து, பின்னே யார் அப்படிச் சொன்னது என்று கேட்பாரே. குற்றாலிங்கத்துக்குக் காது மடல் வரை சூடேறியது.

"பழைய காலத்துல... என்னத்தக் கண்டோம்," என்றார்.

சொன்ன பிறகு தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தப் படிகளின் பக்கம் திரும்ப அவரால் முடியவில்லை.

சங்கரவடிவு தலையை மட்டும் ஆட்டினார்.

தெருவில் செருப்புச் சத்தம் வந்தது. நிறைய செருப்புகள். பிறகு டென்சிங்கின் குரல். பேங்கில் வேலை பார்க்கிற பையன், இன்னொரு சீடன். குற்றாலிங்கம் இல்லாததால் இன்றைக்கு ஏழாவது வீடு அவனுக்கு. அதே தேரோட்டம், அதே சிரிப்பு, அதே மாமனார். குற்றாலிங்கம் எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவாரோ அங்கேயே அவனும் நிறுத்தினான்.

"வெள்ளிக்கிழமைகளில் இன்றும் இங்கே கொலுசுச் சத்தம் கேட்கிறது," என்றான்.

"கொலுசு புதுசு," என்றார் சங்கரவடிவு, தலையைத் தூக்காமல். "நீங்க சொன்னதில கொலுசு கெடயாது."

குற்றாலிங்கம் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கதவைத் தட்டி வாயைத் திறந்த நேரத்திலேயே அவரை அந்த வீடு தெரிந்துகொண்டுவிட்டது.

"இப்போது பாருங்கள்," என்றது வெளியே குரல்.

சங்கரவடிவு எழவில்லை. மடியில் குடை விரிந்து கிடந்தது.

தெரு காத்துக்கொண்டிருந்தது.

"மூடலியே," என்று யாரோ சொன்னார்கள். ஒரு சிரிப்பு கேட்டது.

"அக்கா, சாத்துங்க அக்கா. வீடியோ எடுக்கணும்."

கம்பிகளுக்கு வெளியே செல்போன்கள் உயர்ந்தன. ஒருவர் ஜன்னல் திண்டில் கை ஊன்றி உள்ளே எட்டிப் பார்க்க வந்தார். வெளியே நிற்பவர்களில் பாதிப் பேருக்குக் குற்றாலிங்கத்தை நன்றாகத் தெரியும். அந்த அறையில் ஒளிய ஒரு மூலைகூட இல்லை.

அவர் எழுந்தார். தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் கையை நீட்டி, ஜன்னலைத் தள்ளிச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார்.

வெளியே கைதட்டினார்கள்.

அறை இருண்டுவிட்டது. குற்றாலிங்கம் தடவித் தடவி ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"போன ஞாயிறும் இப்படித்தான்," என்று இருட்டில் சங்கரவடிவின் குரல் வந்தது. "டீச்சரம்மா இங்க வந்திருந்தாங்க. அதே ஸ்டூல்லதான் இருந்தாங்க. நீங்க வெளிய பேசிட்டிருந்தீங்க. எனக்கு அன்னிக்கு முட்டி வலி, சட்டுனு எந்திரிக்க முடியல. அவங்கதான் ஓடிப்போய்ச் சாத்தினாங்க."

குற்றாலிங்கத்துக்கு அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்தது. இரண்டு தடவை தட்டினார்கள்.

"சாத்திட்டு அழுதாங்க," என்றார் சங்கரவடிவு.

வெளியே டென்சிங் குரலை உயர்த்தினான். "நாம் போகும்வரை திறக்க மாட்டாள்."

அது குற்றாலிங்கத்தின் வரி. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"அண்ணாச்சி, துணியும் கறுப்பு, நூலும் கறுப்பு. வெளிச்சம் இருந்தாத்தான் தைக்க முடியும்."

"அவங்க போயிரட்டும்மா."

சங்கரவடிவு பாதித் தையலில் ஊசியைப் பிடித்தபடி இருந்தார். இரண்டு வருஷமாக இந்த நேரத்தில் அவர் அப்படித்தான் இருந்திருப்பார்.

வெளியே அறுபது பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் டீச்சர் குடை இல்லாமல் நின்றுகொண்டிருப்பார்.

குற்றாலிங்கம் துண்டை எடுத்து மடித்து ஸ்டூலின் மேல் வைத்தார். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.