புறாவின் காலில் சிவப்பு நூல்

புறா கொண்டுவந்த ஓலை பொய். அதை நம்பி நூறு கப்பலில் பாய் ஏற்றிவிட்டார்கள்.

முன்னொரு காலத்தில் வேழத்துறை நாட்டை விடங்கராயன் என்றொரு அரசன் ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடலுக்கு இக்கரையில் அவன் நாடு, அக்கரையில் இன்னொரு நாடு. நடுவே நண்டுத்தீவு. முந்நூறு தலை, ஒரு பாறை, அவ்வளவுதான். கடல் தாண்டும் தூதுப்புறா எந்த நாட்டுடையதானாலும் அங்கே இறங்கித்தான் இளைப்பாறும். இரை போட்டு, பருந்து விரட்டி அனுப்பி வைப்பது தீவுக்காரர் வேலை.

அக்கரைப் படை கிளம்பிவிட்டது என்றது ஓலை. அங்கிருக்கும் ஒற்றன் எழுதியதாம். சேனாபதி மதங்கனுக்கு அந்தத் தீவின்மேல் வெகுநாளாகக் கண். வான்வழியைக் காக்க முந்நூறு பேரால் ஆகாது, தீவை இன்றே எடுத்துக்கொள்வோம் என்று ஓதினான். அரசன் தலையாட்டினான்.

தீவின் மந்திரி முத்திருளாயி அவையில்தான் நின்றாள். இரண்டு நாளாக அக்கரைப் புறா ஒன்றுகூடப் பாறையில் இறங்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்? பொழுது சாய்வதற்குள் ஊர் போய்விடும்.

"உன் தீவில் எத்தனை யானை?" என்றான் மதங்கன்.

"ஒன்றுமில்லை ஐயா. நிறுத்த இடமில்லை."

அவை சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு அரசனைக் கும்பிட்டாள்.

"மகாராசா, தீவைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் பாறையில் இறங்கும் புறாவுக்கு இடக்காலில் சிவப்பு நூல் கட்டுவோம். இந்தப் புறாவுக்கு இருக்கிறதா?"

புறாவைக் கொண்டுவரச் சொன்னான் அரசன். சேவகன் நகருமுன் மதங்கனே ஓடினான். திரும்பி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புறாவின் இடக்காலில் சிவப்பு நூல்.

"பாருங்கள் அரசே" என்றான்.

"நானும் பார்த்தேன்" என்றாள் முத்திருளாயி. "நூல் கட்டினால் புதரில் மாட்டிப் புறா செத்துப்போகும். நாங்கள் கட்டுவதே இல்லை. இறக்கைக்கு அடியில் மஞ்சள் தடவுவோம். நீங்கள் பன்னீரில் குளிப்பாட்டி அதைக் கழுவிவிட்டுத்தான் ஓலையைப் பிரிக்கிறீர்கள்."

மதங்கன் அரசன் காலில் விழுந்தான். இப்போது நூல் கட்டியதும் ஓலையை எழுதியதும் தானே என்று ஒப்புக்கொண்டான். அந்தப் புறா அரண்மனைக் கூண்டைத் தாண்டியதே இல்லை.

அரசன் அவனைத் தீவுக்குப் பருந்து விரட்ட அனுப்பினான். முத்திருளாயியிடம் என்ன வேண்டும் என்று கேட்டான். மஞ்சள் பார்க்காமல் எந்த நாடும் ஓலை பிரிக்கக் கூடாது, அது போதும் என்றாள். அன்றே எல்லாக் கரைக்கும் சேதி போனது.

கப்பல்களில் பாய் இறங்கியது. இறக்கியவள் நண்டுத்தீவின் முத்திருளாயி.