முன் சக்கரத்துக்கு மேல் ஒரு சீட்டு

"வேலை செய்யும் இடத்தை உன் வீடாக நினை. அப்படி நினைத்தால்..." என்று ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவர் எப்போதோ பேசினாராம். மீதி மறந்துபோனாலும், அந்த மலை டெப்போவின் மேலாளர் சதாசிவம் தினமும் காலையில் ஊழியர்களைக் கூட்டி அதையே ஓதுவார்.

டயர் மாட்டும் மாசானம் மட்டும் அதை நம்பித் தொலைத்துவிட்டான். நாலு மணி பஸ்ஸின் முன் டயர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்ததும், யாரையும் கேட்காமல் சக்கரத்தைக் கழற்றிவிட்டான். மாற்று டயர் நாளைதான் வரும்.

மேலாளர் பாய்ந்து வந்தார். ஒரு டிரிப்கூட ரத்தாகாத டெப்போ என்று மறுநாள் கீழே டவுனில் அவருக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள்.

"யாரைக் கேட்டுடா கழற்றினே? நீ என்ன முதலாளியா?"

"நம்ம வீடு மாதிரின்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

"வீடுன்னா? நீ வாசல்ல செருப்பு விடற இடத்தோட நில்லு! பத்து நிமிஷத்துல அதையே மாட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

மாசானம் எட்டே நிமிஷத்தில் மாட்டினான். பிறகு பஸ்ஸில் ஏறி, ஒரு சீட்டைத் துண்டால் பயபக்தியோடு துடைத்தான்.

"அது யாருக்குடா?"

"உங்களுக்குத்தான் ஐயா. நாளைக்குக் கேடயம் வாங்க இன்னிக்கு இதுலதானே மலை இறங்குறீங்க? அந்த டயருக்கு நேர் மேல இடம் போட்டிருக்கேன். இருபத்தேழு வளைவுலயும் நீங்க அழுத்திப் பிடிச்சுக்கிட்டா, அதுக்கும் ஒரு தெம்பா இருக்கும்."

வரிசையில் நின்ற பயணிகள் சிரித்தார்கள். கண்டக்டர் அவசரமாக மலையழகை ரசித்தார்.

மேலாளர் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

நாலு மணி டிரிப்பை ரத்து செய்தார்.