குளத்துத் திருடன்

மலைகளுக்கும் ஆறுகளுக்கும் இன்னும் பெயர் வைத்து முடியாத ஒரு காலத்தில், வில்லவர் என்ற மன்னர் ஒரு நாட்டை ஆண்டு வந்தார். அவருக்கு ஒரே மகள். பெயர் நீலவல்லி. அரண்மனைக்குப் பின்னால் இருந்த அல்லிக்குளத்தில் அவள் ஒருநாள் மூழ்கிப் போனாள். முத்துக் குளிப்பவர்களை வரவழைத்துத் தேடினார்கள். போனவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு ஏறி வந்தார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

அதன்பிறகு மன்னர் விடிந்தும் விடியாத வேளையில் குளத்தங்கரைக்குப் போய் நிற்கத் தொடங்கினார். குளிர்ந்த காலைகளில் நீர்ப்பரப்பிலிருந்து வெள்ளையாகப் புகை எழும். எழுந்து, ஒடுங்கி, கூந்தலை அவிழ்த்துவிட்ட ஒரு பெண்ணைப் போல நீரின்மேல் மெல்ல நகரும். மன்னர் அதனோடு பேசுவார். பதில் கேட்டவர் போலத் தலையை ஆட்டுவார். காவலர்கள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். வெயில் ஏறியதும் அந்த உருவம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

“என் மகள் இந்த நீரில் கரைந்திருக்கிறாள். இதில் ஒரு கை நீரை அள்ளுபவன் அவளை அள்ளுகிறான்” என்று சொல்லி, குளத்து மதில் கதவைப் பூட்டிவிட்டார் மன்னர்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை பொய்த்தது. தை பிறப்பதற்குள் ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றிப் போயின. நீர் மிஞ்சியிருந்தது அல்லிக்குளம் ஒன்றில்தான்.

மன்னரின் சபையில் வெண்காடன் என்று ஒரு விகடன் இருந்தான். இளவரசி போனபின் அவனும் வாய் மூடிக் கிடந்தான். யாருமே சிரிக்காத சபையில் விகடனுக்கு என்ன வேலை? ஒருநாள் தெருவில் ஒரு பெண் வெறுங்குடத்தோடு அவனை வழிமறித்தாள்.

“அய்யா, ராசாகிட்ட பயப்படாம பேசுறவரு நீங்கதானாம். எம்மவளுக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அழுதா கண்ணுல தண்ணி வரல. அந்தக் கொளத்துலருந்து ஒரு கொடம் வாங்கிக் குடுங்கய்யா.”

அன்றே வெண்காடன் சபையில் அதைச் சொன்னான். மன்னர் பதில் சொல்வதற்குள் சாமந்தராயர் எழுந்தார். வெண்காடன் மன்னருக்கு அருகில் உட்காருவதை எந்நாளும் பொறுக்காத பிரபு அவர்.

“அரசே, வேறொன்றைத் தங்கள் காதில் போட வேண்டும். குளம் பூட்டியே இருக்கிறது. ஆனாலும் நீர் படிப்படியாக இறங்கி வருகிறது. யாரோ இளவரசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுகிறார்கள். ஊருக்காகப் பரிந்து பேசும் இந்த விகடனுக்கு, திருடன் யாரென்று தெரியாமல் இருக்குமா?”

மன்னர் குளத்துக் காவலர்களைப் படிக்கட்டிலேயே விலங்கிட்டு வைக்கச் சொன்னார். பிறகு, குழந்தையிடம் பேசுவது போல மிக மென்மையாகச் சொன்னார்: “வெண்காடா, பௌர்ணமிக்குள் அந்தத் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டு. இல்லையென்றால் திருடன் நீதான். கல்லைக் கட்டி உன்னை அவளிடமே அனுப்பி வைப்பேன்.”

வெண்காடன் குளத்துக்குப் போனான். காவலன் கூத்தன் கணுக்கால் வரை நீரில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான். கால்தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“அண்ணே, ஈ காக்கா உள்ள வரல. ஆனா தண்ணி இறங்குது. அதுவும் பட்டப்பகல்ல, என் கண்ணு முன்னாடியே இறங்குது. எடுக்குற கையத்தான் காணோம்” என்றான் கூத்தன்.

மேற்படிகளில் நீர் விலகிய இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெண்காடன் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. குளத்து நீரைத் தொட்டுச் சுவைத்தான். அதுவும் லேசாகக் கரித்தது. முன்பு இளநீர் போல இருந்த குளம் அது.

மறுநாள் விடியலிலும் அவன் அங்கேதான் இருந்தான். மன்னர் வந்தார். புகை எழுந்து அசைந்தது. மன்னர் ஒரு படி இறங்கினார், இன்னொரு படியும் இறங்கினார். நீர் முழங்காலைத் தாண்டி இடுப்பைத் தொட்டது. கூத்தன் கண்களை இறுக மூடிக்கொண்டான். மன்னரை யாரும் தொடக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். வெண்காடன் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

“விடு, இன்றைக்கு என்னை அப்பா என்று கூப்பிட்டாள்” என்றார் மன்னர். அவர் கை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

“திருடன் பிடிபட்டுவிட்டான், அரசே. நண்பகலில் முற்றத்துக்கு வாருங்கள். அதுவரை எனக்காகக் கரையில் நில்லுங்கள்” என்றான் வெண்காடன்.

நண்பகலில் அரண்மனை முற்றத்தில் வெயில் கொளுத்தியது. திருடனுக்கு இரையாக ஓர் அண்டா குளத்து நீரை மட்டும் வெண்காடன் கேட்டு வாங்கியிருந்தான். அண்டாவின்மேல் பெரிய வெண்கலத் தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடி, விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசினான். தாம்பாளத்தின்மேல் குளக்கரைச் சேற்றைக் குளிரக் குளிர அப்பினான்.

“ராயரே, களிமண்ணில் உங்கள் முத்திரை மோதிரத்தைப் பதியுங்கள். வாளை உருவிக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள். திருடன் உங்கள் எதிரிலேயே வருவான்.”

சாமந்தராயர் இமைக்காமல் காவல் இருந்தார். யாரும் வரவில்லை. ஒரு குருவிகூட அண்டா பக்கம் பறக்கவில்லை. அண்டாவுக்குள்ளிருந்து எப்போதாவது ‘சொட்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு முறையும் ராயரின் வாள் நடுங்கியது.

வெயில் சாய்ந்ததும் மன்னர் முன்னிலையில் முத்திரையைப் பார்த்தார்கள். சிதையாமல் இருந்தது. வெண்காடன் களிமண்ணைக் கீறித் தாம்பாளத்தைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினான். அதன் அடிப்பக்கம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்துத் தொங்கின.

“களவுப் பொருள் இதோ, அரசே. திருடன் அதோ” என்று மேற்கே சாய்ந்த சூரியனைக் காட்டினான். “பட்டப்பகலில் குளத்தில் கை வைக்கிறவன் அவன்தான். இன்று மூடி தடுத்ததால் எடுத்த பொருளை இங்கேயே போட்டுவிட்டான். பிடித்துக் காட்டுவது என் வேலை, முடித்துவிட்டேன். மேலே ஏறி விலங்கு மாட்டுவதை ராயர் பார்த்துக்கொள்வார்.”

கூடியிருந்தவர்களில் யாரோ சிரிக்க வாயெடுத்து விழுங்கிக்கொண்டார்கள். மன்னர் சிரிக்கவில்லை. “அப்படியானால் என் மகளை வானத்துக்கு அல்லவா கொண்டு போகிறான்?” என்றார். அந்தக் குரலைக் கேட்டு எல்லோரும் ஒடுங்கிப் போனார்கள்.

“இரண்டையும் சுவைத்துப் பாருங்கள், அரசே.”

மன்னர் தாம்பாளத்துத் துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். எந்தச் சுவையும் இல்லை. அண்டா நீரைத் தொட்டு வைத்தார். கரித்தது.

“நீர் எதையும் தன்னுள் கரைத்துக்கொள்ளும். ஆனால் மேலே கிளம்பும்போது எதையும் உடன் கொண்டு போகாது. இந்தத் திருடன் வெறும் நீரைத்தான் எடுக்கிறான். மற்றதெல்லாம் குளத்திலேயே தங்கிவிடுகிறது.”

“விடியலில் எழும் அந்த உருவம்?”

வெண்காடன் தலை குனிந்தான். “அதுவும் வெறும் நீர்தான், அரசே. பகலில் வாங்கிய சூட்டைக் குளம் எளிதில் விடாது. காலைக் குளிர்காற்று பட்டதும் அதன் மூச்சு அப்படித் தெரிகிறது. அதில் உப்பும் இல்லை, இளவரசியும் இல்லை.”

மன்னர் தாம்பாளத்தையே பார்த்திருந்தார். துளிக்குத் துளி ஒரு சின்ன முகம் தலைகீழாகத் தெரிந்தது. எல்லாம் அவர் முகம். விரலால் தொட்டார். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வழிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தன.

“தித்திக்கும் குளமாயிற்றே, இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்.

“மண்ணில் இருந்த உப்புத்தான், அரசே. நீர் குறையக் குறைய அது தெரிய வருகிறது. ஆனால் தங்கள் பங்கும் இல்லாமல் இல்லை. தினமும் வந்து அதில் அழுதீர்கள். கண்ணீரில் நீரைத் திருடன் கொண்டு போய்விட்டான், உப்பு குளத்தோடு நின்றுவிட்டது. தாங்கள் இப்படியே இன்னும் கொஞ்ச காலம் அழுதால் உப்பளம் வைத்திருப்பவர்கள் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.”

சாமந்தராயரின் கை வாளுக்குப் போனது. மன்னரின் தொண்டையிலிருந்து இருமலைப் போல ஒரு சத்தம் வந்தது. வைத்தியரைக் கூப்பிடுங்கள் என்று யாரோ பதறினார்கள். அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. மன்னர் அண்டாவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது. “ஐயோ, அண்டாவை நகர்த்துங்கள், இன்னும் கரிக்கப் போகிறது!” என்று சொல்லி மீண்டும் சிரித்தார்.

தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். “வேறு என்ன வேண்டும், கேள்” என்றார்.

“குளத்தின் சாவி, அரசே.”

கொடுத்தார். காவலர்களின் விலங்கைச் சாமந்தராயரே குனிந்து கழற்ற வேண்டும் என்றும், இனிமேல் மக்களுக்கு நீர் இறைத்து ஊற்றும் வேலை அவருடையது என்றும் ஆணையிட்டார்.

அன்று மாலையே குளத்தின் கதவு திறந்தது. முதல் ஆளாக வந்தவள் தெருவில் வெண்காடனை வழிமறித்த அந்தப் பெண்தான். மன்னர் நிற்பதைக் கண்டதும் இறங்கத் துணியாமல் நின்றாள். மன்னர் தாமே முன்னால் போய்க் கையை நீட்டினார்.

“பிடித்துக்கொள், தாயே. நீர் தொடும் படியில் பாசி. என் மகள் பாசியில்தான் வழுக்கினாள்.”