சந்தனம் பூசிய சுக்கான்

கடலில் உப்பே சரியாகக் கரையாத ஒரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்போது முத்தலைத் தீவை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனிடம் கொள்ளுத்தாத்தா காலத்துப் பாய்மரத் தோணி ஒன்று இருந்தது.

தோணியின் பின்னால், அதைத் திருப்புகிற சுக்கான். கொள்ளுத்தாத்தா கைபட்ட சுக்கான் என்பதால் அதில் உளி படக்கூடாது, வாள் படக்கூடாது, ஆணி படக்கூடாது. ஆண்டுதோறும் விழா எடுத்துச் சந்தனம் மட்டும் பூசுவார்கள். கெட்டியாக.

ராஜா வீட்டு மரம் என்று பூச்சிக்குத் தெரியுமா? சுக்கான் உளுத்தது. கிழக்கே திருப்பினால் தோணி வடக்கே போனது.

"சுக்கான் உளுத்துப்போச்சு மகாராஜா" என்றான் முதல் சுக்கானி.

"என் கொள்ளுத்தாத்தாவைப் பழிக்கிறாயா?" சிறைக்குப் போனான்.

இரண்டாம் சுக்கானியும் அதையே சொன்னான். அவனும் போனான்.

மூன்றாமவன் சாத்தன். "நாங்க பேசிவெச்சுக்கிட்டுச் சொல்லல மகாராஜா. நிசமாவே சுக்கான்தான்" என்றான். அவனும் போனான்.

பலகையில் ஓட்டை இருந்தால் ஆளைப் பூட்டுவதா? இது எந்த ஊர் நியாயம்? நான் கேட்கவில்லை. சாத்தன் மனைவி கொற்றி கேட்டாள். சபை நடுவே, ராஜாவிடமே.

மந்திரியார் சிரித்தார். "நீ ஓட்டிக் காட்டேன். நேராகப் போனால் உன் புருஷனை விடுகிறோம். கோணினால் நீயும் உள்ளே."

"கொள்ளுப்பேரன் கை இருக்கும்போது என் கை படலாமா சாமி? மகாராஜாவே பிடிக்கட்டும். நேரா போனா எங்க நாலு பேரையும் பூட்டுங்க. கோணுனா மூணு பேரையும் விடுங்க."

சபைக்கு இது பிடித்துப்போயிற்று. ராஜாவுக்கு அதைவிட.

சங்கு முழங்க ராஜா சுக்கான் பிடித்தான். வலப்பக்கம் திருப்பினான், தோணி இடப்பக்கம் போனது. இடப்பக்கம் திருப்பினான், தோணி நின்று யோசித்தது. நேராகப் பிடித்தான், தோணி வட்டமடித்து, மந்திரியார் வீட்டுத் துணி காய்கிற கரையில் முட்டி, அவருடைய வேட்டியைப் பாய்மரத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

சுக்கானைத் தூக்கிப் பார்த்தார்கள். சந்தனம் கரைந்துபோயிருந்தது. கைப்பிடியும், இடியாப்ப அச்சு மாதிரி ஒரு துண்டுப் பலகையும்தான் மிச்சம்.

"இத்தனை நாள் சந்தனத்தையா ஓட்டினோம்?" ராஜா அலறினான். "ஏன் யாருமே என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னவங்க மூணு பேரும் உங்க சிறையிலதான் இருக்காங்க" என்றாள் கொற்றி.

அன்றே கதவு திறந்தது. மூவரும் வெளியே வந்து உளியைக் கேட்டார்கள்.

"உளியா? கொள்ளுத்தாத்தா தொட்டதாயிற்றே!" என்று பதறினார் மந்திரியார்.

"தொட்டது கைப்பிடியைத்தானே சாமி? தண்ணிக்குள்ள குனிஞ்சு பலகையையுமா தொட்டாரு?" என்றாள் கொற்றி.

மந்திரியார் உளியை வரவழைத்தார். கைப்பிடியை வைத்துக்கொண்டு, புன்னைப் பலகை செதுக்கிப் புதுச் சுக்கான் பூட்டினார்கள். தோணி கிழக்கே என்றால் கிழக்கே போய்த் திரும்பி வந்தது.

அடுத்த விழாவுக்கு மந்திரியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கொற்றி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மீனெண்ணெய்ச் சட்டியை நீட்டினாள்.

"மரம் உளுக்காம இருக்க இதைத்தான் பூசணும்."

மந்திரியார் மூக்கைப் பொத்திக்கொண்டு ராஜாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கிறீர்? அந்த அம்மா சொன்னது கேட்கவில்லையா? பூசும்" என்றான் ராஜா.

ஆகவே, பழுதைச் சொன்னவரைத் தண்டிப்பதால் பழுது தீராது. பழுதைச் சரிசெய்தால்தான் தீரும்.