அரண்மனைப் படி

மருதங்குளம் ஜமீன்தார், சுருள் தூண்களும் சிறகு முளைத்த சுதைக் குழந்தைகளுமாக ஐரோப்பியப் பாணியில் அரண்மனை கட்டினார். அது குளத்துப் பாதையை அடைத்துவிட, ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கு இரண்டு மைல் சுற்றினார்கள்.

"பரம்பரை அரண்மனைன்னு விருந்தாளிங்க நம்பணும். முன்னூறு வருஷப் பழமை தெரியணும்," என்றார் ஜமீன்தார். கொத்தனார்கள் விழித்தார்கள்.

சுண்ணாம்பு அரைக்கும் குருவம்மா சொன்னாள்: "பழைய வீட்டுல படி தேஞ்சிருக்கும் சாமி. உங்க குடும்பம் மட்டும் நடந்தா முன்னூறு வருஷம் ஆகும். ஊரே நடந்தா சீக்கிரம் தேயும்."

மறுநாளே கதவு திறந்தது. பெண்கள் குடத்தோடு கூடத்தைக் கடந்து குளத்துக்குப் போனார்கள்.

ஆறு மாதம் கழித்து ஜமீன்தார் படியைத் தடவினார். "இன்னும் தேயலையே?"

"உங்க பேரன் காலத்துலயும் கதவைச் சாத்தாம இருக்கணும் சாமி," என்றாள் குருவம்மா.

ஜமீன்தார், நிறைகுடத்தோடு வந்தவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.